இணைய முகவரி ஒதுக்கீட்டு விதிகளும் சேவை நிறுவனங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையச் சேவை நிறுவனம் தொடங்க கேபிளும் ரூட்டரும் உரிமமும் மட்டும் போதாது, எண்களும் வேண்டும். அந்த எண்கள் யாருக்கு, எவ்வளவு, எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்பதைச் சில பக்க விதிகள் தீர்மானிக்கின்றன. ஒரு நிறுவனத்தின் முதலீடு, அதன் சேவைத் தரம், சில நேரம் அதன் ஆயுள்கூட அந்தப் பக்கங்களைப் பொறுத்தது. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களையும் சிறிய வலையமைப்புகளை நடத்துபவர்களையும் மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

இணைய முகவரிகளை உலக அளவில் யார் பகிர்ந்தளிக்கிறார்கள்?

மேல்மட்டத்தில் ஐயானா என்ற அமைப்பு இருக்கிறது. அது ஐகான் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. ஐயானா பெரிய தொகுதிகளை ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குக் கொடுக்கும். ஐரோப்பா, மேற்காசியா, மத்திய ஆசியாவுக்கு ரைப் என்சிசி, ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஏபிநிக், வட அமெரிக்காவுக்கு ஆரின், லத்தீன் அமெரிக்காவுக்கும் கரீபியனின் ஒரு பகுதிக்கும் லாக்நிக், ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரிநிக். ஏபிநிக்கின் கீழ் ஜப்பான், சீனா, தென் கொரியா, இந்தியா போன்ற சில நாடுகளில் தேசியப் பதிவகங்களும் உண்டு. சேவை நிறுவனம் தன் வட்டாரப் பதிவகத்திலோ தேசியப் பதிவகத்திலோ உறுப்பினராகி, ஆண்டுக் கட்டணம் கட்டி, முகவரிகளைப் பெறுகிறது.

வட்டாரப் பதிவகங்கள் எதுவும் அரசுத் துறை அல்ல. உறுப்பினர்களின் கட்டணத்தில் நடக்கும் லாப நோக்கற்ற அமைப்புகள். விதிகளை மாற்றும் வழி இதிலிருந்துதான் பிறக்கிறது. அதைக் கடைசிக் கேள்வியில் பார்க்கலாம்.

ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துவிட்டன என்கிறார்கள். புதிய நிறுவனங்களுக்கு இன்னும் எப்படிக் கிடைக்கிறது?

ஐபிவி4 என்பது 32 பிட் எண். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் இருக்க முடியும். ஐயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று முடிந்தது. கடைசி ஐந்து பெருந்தொகுதிகள், ஒவ்வொன்றிலும் சுமார் 1 கோடியே 67 லட்சம் முகவரிகள், பதிவகத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

ஏபிநிக் தன் கடைசித் தொகுதியை அதே ஆண்டு ஏப்ரலில் தொட்டது. அன்றே விதி மாறியது. எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தாலும், எவ்வளவு தேவையைக் காட்டினாலும், அந்தத் தொகுதியிலிருந்து ஓர் உறுப்பினருக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள். 2019-ல் அதுவும் 512 ஆகக் குறைந்தது. ரைப் என்சிசியின் கையிருப்பு 2019 நவம்பரில் தீர்ந்தது. இப்போது அங்கே காத்திருப்புப் பட்டியல்தான். அந்தப் பதிவகத்திடம் இதுவரை ஐபிவி4 பெறாத உறுப்பினருக்கு 256 முகவரிகள், அதுவும் யாராவது திருப்பிக் கொடுத்தால். ஆரினின் பொதுக் கையிருப்பு 2015 செப்டம்பரில் முடிந்தது. அங்கும் பட்டியல் உண்டு. அதோடு, ஐபிவி4-க்கு அடுத்து வந்த, முகவரிப் பஞ்சமில்லாத ஐபிவி6 முறைக்கு மாற உதவும் வகையில் ஒரு தொகுதியைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

கடைசித் தொகுதியைச் சிறு துண்டுகளாக்கிய முடிவு மிக நல்ல முடிவு என்பது என் உறுதியான எண்ணம். அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் சில பெரிய நிறுவனங்கள் ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருக்கும்; 2012-க்குப் பிறகு பிறந்த நிறுவனத்துக்கு ஒரு முகவரிகூட மிஞ்சியிருக்காது.

சில பழைய நிறுவனங்களிடம் மட்டும் ஏன் கோடிக்கணக்கில் இருக்கின்றன?

அவை பெற்ற காலத்தில் விதி வேறாக இருந்தது. 1980களில் முகவரிகளைப் பதிவு செய்யும் வேலையை ஜான் போஸ்டல் என்ற ஆராய்ச்சியாளரும் அவரைச் சுற்றியிருந்த சிறு குழுவினரும் பார்த்துக்கொண்டார்கள். அப்போது மூன்றே அளவுகள்: 1.67 கோடி, 65,536, 256. முன்னூறு கணினி இருந்த அமைப்புக்கு 256 போதாது. எனவே 65,536 கொடுத்தார்கள். எம்ஐடி பல்கலைக்கழகத்திடம் ஒரு முழுப் பெருந்தொகுதியே இருந்தது.

1993-ல் வகுப்பற்ற முகவரி முறை வந்தது. தேவைக்கு ஏற்ற அளவில் வெட்டிக் கொடுக்க அப்போதுதான் முடிந்தது. பிறகு வட்டாரப் பதிவகங்கள் 'தேவையைக் காட்டு, பெற்றுக்கொள்' என்ற கொள்கைக்கு வந்தன. முந்தையதில் 80 சதவீதம் பயன்பட்டதைக் காட்டினால்தான் அடுத்தது. ஆனால் முன்பே கொடுத்ததைத் திரும்ப வாங்க எந்த ஒப்பந்தமும் இல்லை. விளைவு, ஒரு நிறுவனம் எந்த ஆண்டில் பிறந்தது என்பதே அதன் முகவரிச் செல்வத்தை முடிவு செய்கிறது. 1995-ல் தொடங்கியவரும் இன்று தொடங்குபவரும் ஒரே சந்தையில் ஒரே வாடிக்கையாளருக்காகப் போட்டியிடுகிறார்கள். ஒருவர் எண்களை ஏறக்குறைய இலவசமாகப் பெற்றவர், மற்றவர் டாலர் கொடுத்து வாங்க வேண்டியவர். இந்தத் துறையில் என்னை மிகவும் வருத்தும் விஷயம் இது.

512 முகவரிகளை வைத்துக்கொண்டு பல்லாயிரம் சந்தாதாரர்களுக்கு எப்படிச் சேவை தருவது?

ஒரு பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்துதான். இதற்கு சிஜிநேட் என்று பெயர். வீட்டிலுள்ள ரூட்டர் செய்யும் முகவரி மாற்றத்தையே நிறுவனத்தின் மையத்தில் இன்னொரு முறை செய்கிறார்கள்.

கணக்கு எளிது. ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்கள், அதாவது ஒரே முகவரியில் நடக்கும் இணைப்புகளைப் பிரித்தறியும் எண்கள். முதல் 1,024-ஐ ஒதுக்கிவிட்டு, ஆளுக்கு ஏறத்தாழ ஆயிரம் போர்ட் கொடுத்தால் ஒரு முகவரியில் 64 பேர். 512 முகவரிகளில் 32,768 பேர். காகிதத்தில் இது தாராளமாகத் தெரியும். ஆனால் ஒரு வீட்டில் நான்கைந்து கருவிகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது ஆயிரம் போர்ட் சீக்கிரம் தீர்ந்துவிடும். சில பக்கங்கள் பாதி திறந்து நிற்கும், ஏன் என்று வாடிக்கையாளருக்குப் புரியாது. ஆளுக்கு இரண்டாயிரம் கொடுத்தால் எண்ணிக்கை பாதியாகும். சர்வர்கள், ரூட்டர்கள், நிலையான முகவரி கேட்கும் அலுவலகங்கள் ஆகியவற்றுக்கும் அதே 512-லிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

சிஜிநேட் வைத்தால் என்ன நஷ்டம்? வாடிக்கையாளர் கவனிப்பாரா?

கவனிப்பார். ஒரே கதவிலக்கத்தில் அறுபது குடித்தனம் இருந்தால் ஒருவர் செய்த தவறுக்கு எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுவார்கள். ஒரு சந்தாதாரரின் கணினி வைரஸால் குப்பை அஞ்சல் அனுப்பினால், அந்த முகவரி தடைப்பட்டியலில் ஏறும். மீதி 63 பேருக்கும் இணையதளங்கள் 'நீங்கள் மனிதர்தானா' என்று படம் காட்டிக் கேட்கத் தொடங்கும். வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து பார்க்க முடியாது. சில விளையாட்டுகள் இணைய மறுக்கும்.

நிறுவனத்துக்கு இன்னும் பெரிய சுமை பதிவேடுதான். காவல்துறை ஒரு முகவரியையும் நேரத்தையும் கொடுத்து 'இது யார்' என்று கேட்டால், போர்ட் எண் இல்லாமல் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் 2011-ல் வந்த ஆர்எஃப்சி 6302 (ஆர்எஃப்சி என்பது இணையத் தொழில்நுட்ப ஆவணங்களின் வரிசை), இணைய சர்வர்கள் முகவரியோடு மூலப் போர்ட்டையும் பதிய வேண்டும் என்று பரிந்துரைத்தது. எல்லா சர்வர்களும் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியே பதிவு செய்தால் சேமிப்புச் செலவு தாங்காது. ஆகவே ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு போர்ட் தொகுதியை மொத்தமாக ஒதுக்கி, அந்த ஒதுக்கீட்டை மட்டும் பதிவது நல்லது. கருவி வாங்கும் முன்பே இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

சிஜிநேட்டுக்கு உள்ளே எந்த முகவரிகளைப் பயன்படுத்த வேண்டும்?

100.64.0.0/10. சுமார் 42 லட்சம் முகவரிகள் கொண்ட இந்தத் தொகுதி 2012-ல் ஆர்எஃப்சி 6598 மூலம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 10, 192.168 என்று தொடங்குபவை போன்ற தனியார் முகவரிகளை வைத்தால் வாடிக்கையாளரின் வீட்டு வலையமைப்போடு மோதும். யாருக்கோ சொந்தமான பொது முகவரிகளை 'வெளியே தெரியாதே' என்று உள்ளே பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள்; ஒருநாள் அந்த உரிமையாளர் உண்மையான சேவை ஒன்றை அங்கே தொடங்கினால், உங்கள் சந்தாதாரர்களால் அதை அடைய முடியாது.

எங்களுக்கு இணைய இணைப்பு தரும் மேல்நிலை நிறுவனமே முகவரியும் தருகிறது. தனியாகப் பதிவகத்தில் ஏன் உறுப்பினராக வேண்டும்?

அந்த முகவரிகள் அவர்களுடையவை. ஒப்பந்தம் முடிந்து வேறு நிறுவனத்திடம் போகும்போது அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சர்வரையும், ஒவ்வொரு அலுவலக வாடிக்கையாளரின் நிலையான முகவரியையும், அவர்கள் தங்கள் வங்கியிலும் கூட்டாளிகளிடமும் பதிந்து வைத்த அனுமதிப் பட்டியல்களையும் மாற்ற வேண்டும். இந்த வேதனைக்குப் பயந்தே பலர் மோசமான ஒப்பந்தத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். விலை பேசும் பலம் உங்கள் கையில் இருக்க வேண்டுமென்றால் சொந்தத் தொகுதியும், மற்ற வலையமைப்புகள் உங்கள் வலையமைப்பை அடையாளம் காணும் சொந்த ஏஎஸ் எண்ணும் வேண்டும். அவை இருந்தால் இரண்டு மேல்நிலை நிறுவனங்களிடம் ஒரே நேரத்தில் இணையலாம். ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும்.

ஏஎஸ் எண்களுக்குப் பஞ்சமில்லை. 16 பிட்டிலிருந்து 32 பிட்டுக்கு அவை எப்போதோ மாறிவிட்டன.

256-க்கும் சிறிய தொகுதியை வாங்கித் தனியாக அறிவிக்க முடியாதா?

அறிவிப்பது என்றால் 'இந்த முகவரிகளுக்கு வழி என்னிடம்' என்று மற்ற வலையமைப்புகளின் ரூட்டர்களுக்குச் சொல்வது. பதிவகம் கொடுத்தாலும் பயனில்லை. உலகின் பெரும்பாலான வலையமைப்புகள் ஐபிவி4-ல் ஸ்லாஷ் 24-ஐ, அதாவது 256 முகவரிகளை, விடச் சிறிய அறிவிப்புகளையும் (ஸ்லாஷுக்குப் பின் உள்ள எண் கூடக் கூடத் தொகுதி சிறிதாகும்), ஐபிவி6-ல் ஸ்லாஷ் 48-ஐ விடச் சிறியவற்றையும் வடிகட்டிவிடுகின்றன. இது எந்தப் பதிவகத்தின் விதியும் அல்ல. ரூட்டர் நினைவகத்தைக் காக்க இயக்குபவர்கள் தாங்களாகவே கடைப்பிடிக்கும் வழக்கம்.

காரணம் இருக்கிறது. 2014 ஆகஸ்ட் 12 அன்று எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரூட்டர்கள் வைத்திருக்கும் பட்டியலான உலக ரூட்டிங் அட்டவணை 5,12,000 வழிகளைத் தாண்டியபோது, அந்த அளவுக்கு மட்டுமே இடம் ஒதுக்கப்பட்டிருந்த பழைய ரூட்டர்கள் பல இடங்களில் தடுமாறின. இன்று ஐபிவி4 அட்டவணை பத்து லட்சம் வழிகளை ஒட்டி நிற்கிறது. முகவரிப் பஞ்சத்தால் தொகுதிகள் துண்டு துண்டாகக் கைமாறும்போது, அந்தச் செலவை உலகிலுள்ள ஒவ்வொரு ரூட்டரும் சுமக்கிறது. பழைய ரூட்டரை மலிவாக வாங்கும் புதிய நிறுவனம் எத்தனை வழிகளை அது தாங்கும் என்று முதலில் பார்க்க வேண்டும்.

சந்தையில் விலைக்கு வாங்கலாமா?

வாங்கலாம். பதிவகங்களின் விதிகளுக்கு உட்பட்டு ஒரு நிறுவனம் தன் தொகுதியை இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கலாம். இந்தச் சந்தை உலகின் கண்ணில் பட்டது 2011-ல்: திவாலான நார்டெல் நிறுவனத்தின் 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. முகவரிக்கு 11 டாலர் சொச்சம். 2021 இறுதி வாக்கில் விலை ஐம்பது டாலரைத் தொட்டது; அதன் பிறகு இறங்கியது.

வட்டாரத்துக்கு வட்டாரம் நிபந்தனை வேறுபடும். ஆரினும் ஏபிநிக்கும் வாங்குபவர் இரண்டு ஆண்டுத் தேவையைக் காட்டச் சொல்கின்றன. ரைப் என்சிசி தன் பகுதிக்குள் நடக்கும் மாற்றத்துக்குத் தேவைக் கணக்குக் கேட்பதில்லை. ஆனால் ஐபிவி4 தொகுதி ஒன்றைப் பெற்றவர் 24 மாதம் அதை மறுபடி கைமாற்ற முடியாது. ஏபிநிக்கின் கடைசித் தொகுதியிலிருந்து, அதாவது 103-ல் தொடங்கும் முகவரிகளிலிருந்து, பெற்றதை ஐந்து ஆண்டுகளுக்கு விற்க முடியாது. புதியவர்களுக்கென வைத்ததைத் தரகர்கள் வாரிக்கொண்டு போகாமல் இருக்கவே இந்தப் பூட்டு. ஐரோப்பாவில் ஒரே ஆட்கள் பல உறுப்பினர் கணக்குகளைத் திறந்து ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு எடுத்த பழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பூட்டின் அருமை தெரியும்.

வாங்கும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

விற்பவர் பதிவகத்தின் ஏட்டில் உண்மையான வைத்திருப்பவர்தானா என்பது முதலாவது. அடுத்து, அந்தத் தொகுதி குப்பை அஞ்சல் தடைப்பட்டியல்களில் இருக்கிறதா, கடந்த சில ஆண்டுகளில் எந்த ஏஎஸ் எண்கள் அதை அறிவித்தன என்று பாருங்கள். அடிக்கடி கைமாறிய தொகுதி என்றால் எச்சரிக்கை தேவை.

பழைய உரிமையாளரின் ஆர்பிகேஐ அனுமதிப் பதிவுகள் நீங்கிவிட்டனவா என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த முகவரியை இந்த ஏஎஸ் எண் அறிவிக்கலாம் என்று கையெழுத்திட்டுச் சொல்லும் பதிவு அது. பழைய எண்ணுக்கான பதிவு மட்டும் இருந்து உங்கள் எண்ணுக்கு இல்லையென்றால், சரிபார்க்கும் வலையமைப்புகள் உங்கள் அறிவிப்பைச் செல்லாது என்று தள்ளிவிடும். இருப்பிடத் தரவுத்தளங்களும் உடனே மாறாது. உங்கள் வாடிக்கையாளர் வேறொரு கண்டத்தில் இருப்பதாக வீடியோ தளங்கள் சில வாரங்களுக்கு நம்பிக்கொண்டிருக்கும். பணத்தை இடைநிலைக் கணக்கில் வைத்து, மாற்றம் ஏட்டில் ஏறிய பிறகு விடுவிப்பதே வழக்கம்.

குத்தகை மலிவாகத் தெரிகிறதே?

முதல் மாதம் மலிவுதான். குத்தகைக்கு விட்டவர் பதிவகக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டாலோ, ஆர்பிகேஐ பதிவை நீக்கினாலோ, உங்கள் சந்தாதாரர்கள் ஒரே இரவில் துண்டிக்கப்படுவார்கள். பதிவகத்தின் ஏட்டில் உங்கள் பெயரே இல்லாததால் முறையிட இடமும் இருக்காது. தவிர, குத்தகைக்கு விடுவதற்காக முகவரி வேண்டும் என்றால் ஆரின் அதைத் தேவையாக ஏற்பதில்லை.

வட்டாரத்துக்கு வெளியே பயன்படுத்துவது, குத்தகை விடுவது ஆகியவற்றை ஒட்டி எழுந்த தகராறு ஆஃப்ரிநிக்கை நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2021-ல் மொரீஷியஸ் நீதிமன்ற உத்தரவால் அதன் வங்கிக் கணக்குகள் முடங்கின; 2023-ல் நீதிமன்றம் அதை நிர்வகிக்க ரிசீவரை நியமித்தது. ஒரு பதிவகம் தளர்ந்தால் பாதிக்கப்படுவது அங்கே முகவரிக்காகக் காத்திருக்கும் சிறு நிறுவனங்கள்தான் என்பதை அந்த ஆண்டுகள் கண்கூடாகக் காட்டின. குத்தகையை ஆறு மாத அவசரத்துக்கு எடுங்கள். அதன் மேல் தொழிலைக் கட்டாதீர்கள்.

அப்படியானால் முகவரி ஒரு சொத்தா?

பதிவகங்களின் நிலைப்பாடு: இல்லை, அது பயன்பாட்டு உரிமை, விதிகளை மீறினால் திரும்பப் பெறலாம். பதிவகங்கள் உருவாகும் முன் முகவரி பெற்றவர்கள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதே இல்லை, அதனால் அவர்கள் விஷயத்தில் வழக்கறிஞர்கள் வாதாட நிறைய இருக்கிறது. உங்கள் கணக்கு ஏட்டில் எப்படிக் காட்டுவது என்பதைத் தணிக்கையாளரிடம் கேளுங்கள்.

ஐபிவி6 எவ்வளவு கிடைக்கும்?

சேவை நிறுவனத்துக்குப் பொதுவாக ஒரு ஸ்லாஷ் 32. அதில் 65,536 ஸ்லாஷ் 48-கள். ஸ்லாஷ் 56 என்று எண்ணினால் 1 கோடியே 67 லட்சம். ரைப் என்சிசி கூடுதல் விளக்கம் கேட்காமலே ஸ்லாஷ் 29 வரை, அதாவது எட்டு மடங்கு, தருகிறது. அடுத்த தொகுதிக்கு எண்பது சதவீதம் நிரப்ப வேண்டியதில்லை. ஸ்லாஷ் 56 அலகில் கணக்கிடும் முறைப்படி ஒரு ஸ்லாஷ் 32-ல் சுமார் 37 சதவீதம் ஒதுக்கப்பட்டாலே போதும். வலையமைப்பை ஊர்வாரியாக, நிலையவாரியாக அடுக்கும்போது இடைவெளி விழும் என்பதை இந்த விதி முன்கூட்டியே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு ஐபிவி6 கொடுப்பது?

ஸ்லாஷ் 56 கொடுங்கள். அலுவலகங்களுக்கு ஸ்லாஷ் 48. ஒற்றை ஸ்லாஷ் 64 மட்டும் கொடுக்கும் நிறுவனங்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஐபிவி4 பஞ்சத்தில் வளர்ந்த கஞ்சத்தனத்தை, பஞ்சமே இல்லாத இடத்துக்கு எடுத்துச் செல்கிறார்கள். தானியங்கி முகவரி அமைப்புக்கு ஒவ்வொரு உள்வலைக்கும் ஒரு ஸ்லாஷ் 64 வேண்டும். ஒன்றே ஒன்று கொடுத்தால் விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரிக்கக்கூட வாடிக்கையாளரால் முடியாது. 2001-ல் வந்த ஆர்எஃப்சி 3177 எல்லாருக்கும் ஸ்லாஷ் 48 என்றது. 2011-ல் அதை மாற்றிய ஆர்எஃப்சி 6177, அளவை இயக்குபவரின் முடிவுக்கு விட்டது, ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்லாஷ் 64 தரவேண்டும் என்ற கருத்தைக் கைவிடவில்லை.

இன்னொன்று: முன்னொட்டை, அதாவது வீட்டுக்குக் கொடுத்த தொகுதியை, நாள்தோறும் மாற்றாதீர்கள். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் வீட்டின் எல்லா முகவரிகளும் மாறினால், கருவிகள் செத்த முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். புகார் உங்கள் உதவி மையத்துக்குத்தான் வரும்.

ஐபிவி6 மட்டும் வைத்துத் தொழில் நடத்த முடியுமா?

முழுவதுமாக இன்னும் முடியாது. ஐபிவி4 மட்டும் உள்ள தளங்கள் ஏராளம். ஆனால் சந்தாதாரருக்கு ஐபிவி6 மட்டும் கொடுத்து, பழைய தளங்களுக்குப் போகும் போக்குவரத்தை மட்டும் மையத்தில் மாற்றலாம். மொபைல் நிறுவனங்கள் 464எக்ஸ்லாட் என்ற முறையில் இதைப் பெரிய அளவில் செய்கின்றன. பெரும் வீடியோ தளங்களும் சமூக வலைத்தளங்களும் ஐபிவி6-ல் இயங்குவதால், அதை இயக்கிய நாளிலிருந்தே சிஜிநேட்டின் சுமை கணிசமாகக் குறையும். அடுத்த சிஜிநேட் கருவி வாங்கும் செலவைத் தள்ளிப்போட இதைவிட மலிவான வழி இல்லை. பொது ஐபிவி4 முகவரிக்கு அமேசானின் கிளவுட் சேவை 2024 பிப்ரவரியிலிருந்து மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறது. சர்வர் பக்கத்திலிருந்தும் அழுத்தம் தொடங்கிவிட்டது.

240-ல் தொடங்கும் முகவரிகள் சும்மா கிடக்கின்றனவே, அவற்றைக் கொடுக்கலாமே?

சுமார் 26.8 கோடி முகவரிகள் எதிர்காலத் தேவைக்கென ஒதுக்கப்பட்டு அப்படியே இருக்கின்றன. ஆனால் எண்ணற்ற கருவிகள் அவற்றைச் செல்லாத முகவரி என்று நிராகரிக்கும்படி எழுதப்பட்டுள்ளன. அவற்றையெல்லாம் மாற்றும் உழைப்பில் ஐபிவி6-ஐயே இயக்கிவிடலாம்.

இந்த விதிகளை யார் எழுதுகிறார்கள்? சிறு நிறுவனம் சொன்னால் கேட்பார்களா?

யார் வேண்டுமானாலும் முன்மொழிவு எழுதலாம். உறுப்பினராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அது திறந்த மின்னஞ்சல் குழுவில் விவாதிக்கப்பட்டு, கூட்டத்தில் கருத்தொற்றுமை எட்டினால் விதியாகிறது. பதிவகத்தின் ஊழியர்கள் அதைச் செயல்படுத்துகிறார்கள். 1,024-ஐ 512 ஆக்கியதும், 103 தொகுதிக்கு ஐந்து ஆண்டுப் பூட்டுப் போட்டதும் இப்படி வந்த முன்மொழிவுகள்தான்.

கதவு திறந்திருந்தாலும் நுழைபவர்கள் குறைவு. விவாதத்தில் அடிக்கடி பேசுவது பெரிய நிறுவனங்களின் சம்பளம் வாங்கும் கொள்கை ஊழியர்களும் தரகர்களும். இரண்டாயிரம் சந்தாதாரர்களை வைத்து நடத்தும் ஒருவர் 'எங்களுக்கு இந்தக் கட்டண முறை தாங்காது', 'இந்தத் தேவைக் கணக்கை எங்களால் காட்ட முடியாது' என்று இரண்டு பத்தி எழுதினால், அது அங்கே அரிதான சாட்சியம். கூட்டத்தை நடத்துபவர்கள் அதைப் பதிவு செய்தாக வேண்டும். கூட்டங்கள் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கின்றன, இணையவழியாகவும் கலந்துகொள்ளலாம். முன்மொழிவுகளின் வரைவு கூட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பே வெளியாகிவிடும். அந்த வாரங்களில் படித்து, உங்கள் வலையமைப்பின் எண்களோடு பதில் எழுதுங்கள்.